முப்பத்தெட்டு பேரும் ஒரு புகை அறையும்

சமூக உளவியல் பாடநூலில் உதவும் நடத்தை பற்றிய அத்தியாயத்தைத் திறந்தால், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே ஒரு கொலை நடந்துவிடும். இடம், நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் உள்ள கியூ கார்டன்ஸ். நாள், 1964 மார்ச் 13. விடியற்காலை மூன்றேகால் மணி வாக்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் வேலை முடிந்து வீடு திரும்புகிறார். மதுக்கூடம் ஒன்றில் மேலாளர். ரயில் நிலையத்தை ஒட்டிய வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு இறங்குகிறார். வீடு கூப்பிடு தூரம்தான். வின்ஸ்டன் மோஸ்லி என்பவன் பின்னாலேயே வந்து கத்தியால் குத்துகிறான். அவர் அலறுகிறார். எதிர்க் கட்டடத்தில் விளக்குகள் எரிகின்றன. 38 பேர் அரை மணி நேரத்துக்கு மேலாக ஜன்னலோரம் நின்று பார்க்கிறார்கள். அவன் குத்தி முடிக்கும்வரை ஒருவர்கூடப் போலீசைக் கூப்பிடவில்லை.

கடைசி இரண்டு வாக்கியங்களைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

தொலைதூரக் கல்வியில் உளவியல் படித்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டேன். ஆசிரியர் கதையை முடித்துவிட்டு, “நீங்க அந்த ஜன்னல்ல நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?” என்றார். வகுப்பே இறங்கி ஓடியது. ஒருவர் கத்தியைப் பிடுங்கினார், ஒருவர் மேலிருந்து பூந்தொட்டியைப் போட்டார். இந்தக் கதை இவ்வளவு நாள் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. கேட்கிற ஒவ்வொருவருக்கும் அந்த 38 பேரைவிடத் தான் மேல் என்று ஐந்து நிமிஷம் நினைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது.

கதை பிறந்த விதத்தைப் பார்க்கலாம். கொலை நடந்த மறுநாள் நியூயார்க் டைம்ஸ் அதை உள்பக்கத்துச் சின்னச் செய்தியாகத்தான் போட்டது. அந்த நகரத்தில் கொலை ஒன்றும் அபூர்வமில்லை. சில நாள் கழித்து, அப்பத்திரிகையின் நகரச் செய்திப் பிரிவு ஆசிரியர் ஏ.எம். ரோசந்தால், போலீஸ் கமிஷனர் மைக்கேல் மர்ஃபியோடு மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு இங்கே திரும்பியது. 38 பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு கமிஷனர் வாயிலிருந்து வந்தது. ரோசந்தால் ஒரு நிருபரை அனுப்பினார். மார்ச் 27 அன்று முதல் பக்கத்தில் செய்தி வந்தது. தலைப்பில் 37 பேர், உள்ளே 38 பேர். அந்த ஒருவர் கடைசியில் போன் செய்துவிட்டாராம். அதனால் தலைப்பில் ஒன்றைக் கழித்துவிட்டார்கள். மூன்று முறை தாக்குதல் நடந்ததாகவும் எழுதினார்கள். உண்மையில் இரண்டு.

முதல் தாக்குதல் தெருவில் நடந்தது. எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து ஒருவர் ஜன்னலைத் திறந்து, அந்தப் பெண்ணை விடடா என்று சத்தம் போட்டார். மோஸ்லி பயந்து ஓடினான். கிட்டி எழுந்து, தள்ளாடித் தள்ளாடிக் கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டார். ஜன்னலில் நின்றவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு பெண் கத்தினாள், ஒருவன் ஓடினான், அந்தப் பெண் எழுந்து நடந்து போனாள். மார்ச் மாதக் குளிர், ஜன்னல்கள் சாத்தியிருந்த நேரம். குடித்துவிட்டு வந்த ஜோடி சண்டை என்று நினைத்தவர்கள் உண்டு. மோஸ்லி பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, பின்வாசல் நடையில் விழுந்துகிடந்தவரைக் கண்டுபிடித்தான். இரண்டாவது தாக்குதல் அங்கே நடந்தது. தெருவைப் பார்த்த ஜன்னல் எதிலிருந்தும் அந்த இடம் தெரியாது. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகத் தக்க சாட்சிகளாக ஐந்தாறு பேர்தான் தேறினார்கள் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் தாக்குதல் முடிந்ததுமே தன் அப்பா போலீசுக்குப் போன் செய்தார் என்று, அப்போது சிறுவனாக இருந்த ஒருவர் பிறகு உறுதிமொழி கொடுத்தார்.

செய்தியில் இல்லாத இன்னொருவர் சோஃபியா ஃபரார். பக்கத்து வீட்டுக்காரர், கிட்டியின் தோழி. விஷயம் காதில் விழுந்ததும், கொலைகாரன் இன்னும் அங்கேயே இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாமல் படியிறங்கி ஓடினார். போலீஸும் ஆம்புலன்ஸும் வரும்வரை கிட்டியை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். யாருமே உதவவில்லை என்ற செய்திக்கு இவர் தோதுப்படவில்லை போலும்.

கைவிட்டவரும் இருந்தார், அதையும் சொல்லவேண்டும். அந்த நடைக்கு மேலே குடியிருந்த ஒருவர் கதவைத் திறந்து பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஊருக்கு வெளியே இருந்த ஒரு நண்பருக்குப் போன் போட்டு என்ன செய்வது என்று யோசனை கேட்டார். கடைசியில் கூரை வழியாகத் தாண்டி, ஒரு மூதாட்டி வீட்டுக்குப் போய் அங்கிருந்து போலீசுக்குச் சொல்லச் செய்தார் என்று அந்தப் பத்திரிகைச் செய்தியே எழுதியிருந்தது. இவரை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, கூடவே வேறொன்றும் தோன்றுகிறது. கண்ணெதிரே ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கும்போது இந்த மனிதருக்கு முதலில் தேவைப்பட்டது இன்னொரு மனிதரின் அபிப்பிராயம்.

மோஸ்லி எப்படிப் பிடிபட்டான் என்பது பாடநூல்களில் அநேகமாக இருக்காது. கொலை நடந்து ஆறாவது நாள், அதே குயின்ஸ் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து டிவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பக்கத்து வீட்டுக்காரர் யார் நீ என்று கேட்டார். வீடு மாற்றுகிறவர்களின் ஆள் என்றான். அவருக்குச் சந்தேகம். இன்னொரு பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிப் பார்த்தார், யாரும் வீடு மாற்றவில்லை. ஒருவர் போலீசுக்குப் போன் செய்தார்; மோஸ்லியின் கார் கிளம்பாதபடி எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் கண்டுகொள்ளவில்லை என்று உலகப் புகழ் பெற்ற கொலையின் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தது அக்கம்பக்கத்தார்தான். மோஸ்லி 2016-இல் சிறையிலேயே செத்தான். அந்த மரணச் செய்தியில் நியூயார்க் டைம்ஸ் தன்னுடைய 1964 செய்தி பிழையானது என்று ஒத்துக்கொண்டது.

ஆனால் பொய்யான செய்தியிலிருந்து மெய்யான ஆராய்ச்சி பிறந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜான் டார்லி, கொலம்பியாவில் பிப் லடானே, இருவரும் இளம் ஆசிரியர்கள். ஊரே இந்தக் கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு இரவு உணவின்போது இவர்களும் பேசினார்கள். மாநகர வாழ்க்கை மனிதனைக் கல்லாக்கிவிட்டது என்று அப்போது போதகர்களிலிருந்து மனநல மருத்துவர்கள்வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். 38 பேர் இருந்தும் ஏன் உதவவில்லை என்று எல்லோரும் கேட்க, 38 பேர் இருந்ததால்தானோ என்று இவர்கள் கேட்டார்கள்.

1968-இல் வெளிவந்த முதல் பரிசோதனை. மாணவரை ஒரு தனி அறையில் உட்காரவைத்து, இயர்போனும் மைக்கும் கொடுப்பார்கள். கல்லூரி வாழ்க்கையின் சிரமங்களைப் பற்றி மற்ற மாணவர்களோடு இன்டர்காமில் பேசவேண்டும். முகம் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் தனித்தனி அறை என்று காரணம் சொல்வார்கள். ஒவ்வொருவராகப் பேசுவார்கள். முதலில் பேசுபவர், படிப்பு நெருக்கும்போது தனக்கு வலிப்பு வரும் என்று தயங்கித் தயங்கிச் சொல்வார். அடுத்த சுற்றில் அவர் குரல் குழறும். உதவி கேட்பார், மூச்சுத் திணறும், சத்தம் நின்றுவிடும். எல்லாமே ஒலிப்பதிவு. அறையில் இருக்கும் ஒரே நிஜ மாணவர் எழுந்து வெளியே வருகிறாரா, எத்தனை நொடியில் வருகிறார் என்பதுதான் கணக்கு.

நோயாளியும் தானும் மட்டுமே இணைப்பில் இருப்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு ஓய்வதற்குள் எழுந்து வந்தார்கள். இன்னும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பியவர்களில் 62 சதவீதம். வேறு நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் 31 சதவீதம்.

எழுந்து வராதவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? ஆறு நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு போன ஆராய்ச்சியாளரிடம் அவர்கள் முதலில் கேட்டது, “அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?” என்பது. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. உதவி செய்தவர்களைவிட இவர்கள்தான் அதிகம் பதறிப்போயிருந்தார்கள் என்று டார்லியும் லடானேயும் எழுதினார்கள். உதவாமல் இருப்பது என்று இவர்கள் முடிவெடுக்கவில்லை. முடிவே எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இது தினமும் நடக்கும். ‘டேங்க் நிரம்பி வழியுது, யாராவது மோட்டாரை நிறுத்துங்க’ என்று ஒருவர் போடுவார். ‘வாட்ச்மேன் எங்கே?’ என்று ஒருவர். ‘நேத்தும் இதே கதைதான்’ என்று ஒருவர். தண்ணீரின் அருமை பற்றி ஒரு ஃபார்வர்டு. தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருக்கும். கடைசியில் சி பிளாக் மாமி யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘நீங்க கீழ் வீடுதானே, போய் ஸ்விட்சை அணைச்சுடுங்கோ’ என்று எழுதுவார். அரை நிமிஷத்தில் நின்றுவிடும். மாமி டார்லியைப் படித்தவரில்லை.

இரண்டாவது பரிசோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே வருடம் வெளிவந்தது. மாணவர் ஓர் அறையில் உட்கார்ந்து கேள்வித்தாள் ஒன்றை நிரப்பிக்கொண்டிருப்பார். சுவரில் உள்ள சின்னத் துவாரம் வழியாக வெள்ளைப் புகை வரத் தொடங்கும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். எதையும் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டே இருக்கச் சொல்லிவைத்த இரண்டு ஆட்களோடு உட்காரவைத்தபோது, பத்துப் பேரில் ஒரே ஒருவர்தான் எழுந்தார். மற்ற ஒன்பது பேரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், முகத்துக்கு நேரே புகையை விசிறிக்கொண்டார்கள், சிலர் ஜன்னலைத் திறந்தார்கள், திரும்பவும் உட்கார்ந்து எழுதினார்கள். அது என்ன என்று நினைத்தீர்கள் என்று பிறகு கேட்டபோது நீராவி, ஏசியிலிருந்து வரும் ஆவி என்றெல்லாம் சொன்னார்கள். உண்மையைப் பேசவைக்கிற வாயு என்று இரண்டு பேர் சொன்னார்கள். நெருப்பு என்று ஒருவரும் நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துத்தான் பேசாமல் இருந்தீர்களா என்று கேட்டால், இல்லவே இல்லை என்றார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். பாடநூல்கள் இந்த இரண்டு பரிசோதனைகளையும் ஒன்றாகக் கட்டி, கூட்டம் கூடினால் உதவி குறையும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் திருப்தியில்லை.

வலிப்புப் பரிசோதனையில் 31 சதவீதம் என்பது ஒரு தனி ஆளின் கணக்கு. நோயாளியின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். உண்மையிலேயே ஐந்து பேர் ஐந்து அறைகளில் இருந்து, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல், ஒவ்வொருவரும் 31 சதவீத வாய்ப்போடு எழுந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். யாராவது ஒருவராவது எழும் வாய்ப்பு சுமார் 84 சதவீதம். ஒரே ஒருவர் கேட்டபோது இருந்த 85-க்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. பொறுப்பு ஐந்தாகப் பிரிந்தது, ஆனால் ஆளும் ஐந்து பேர். விழுந்து கிடப்பவருக்கு நஷ்டமில்லை.

புகை அறையில் கணக்கு வேறு மாதிரி போகிறது. அங்கே மூன்று நிஜ மாணவர்களைச் சேர்த்து உட்காரவைத்த குழுக்களும் இருந்தன, நடிகர்கள் யாரும் கிடையாது. தனியாக 75 சதவீதம் எழுந்திருப்பவர்கள் மூன்று பேர் சேர்ந்தால், ஒருவராவது எழும் வாய்ப்பு 98 சதவீதம் இருக்கவேண்டும். உண்மையில் எழுந்தது எட்டுக் குழுக்களில் மூன்றில் மட்டும், 38 சதவீதம்.

98-க்கும் 38-க்கும் நடுவே என்ன நடந்தது? வலிப்புப் பரிசோதனையில் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. புகை அறையில் தெரிந்தார்கள். மூன்று பேருக்கும் உள்ளுக்குள் திக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் நாலு பேர் முன்னால் பதறக்கூடாது என்று நாம் சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறோம். அதனால் மூவரும் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் மற்ற இருவரையும் பார்க்கிறார்கள். மற்ற இருவர் முகமும் அசையாமல் இருக்கிறது. சரி, ஒன்றுமில்லை போலிருக்கிறது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் பொய்ச் சாட்சி சொல்லிக்கொள்கிறார்கள். வலிப்புப் பரிசோதனையில் ஆள் எண்ணிக்கை செய்யாத கெடுதலை இங்கே பேசாத முகம் செய்துவிட்டது.

அடுத்த வருடம் லடானேயும் ஜூடித் ரோடினும் செய்த பரிசோதனையில் இது இன்னும் தெளிவாகும். அடுத்த அறையில் ஒரு பெண் நாற்காலியிலிருந்து விழுந்து, கால் போச்சே என்று அழுகிற சத்தம். தனியாக இருந்தவர்களில் 70 சதவீதம் பேர் உதவப் போனார்கள். முன்பின் தெரியாத இருவராக இருந்தபோது 40 சதவீத ஜோடிகளில்தான் யாராவது எழுந்தார்கள். நண்பர்கள் இருவராக இருந்தபோது மறுபடி 70. நண்பன் முகத்தைப் பார்த்தால் அவன் பயந்திருப்பது நமக்குத் தெரியும். தெரியாவிட்டாலும், “டேய், என்னடா அது?” என்று கேட்டுவிடலாம். அந்நியனிடம் அதைக் கேட்க நாக்கு எழாது.

இதற்கு முன்பே, 1950-களில், சாலமன் ஆஷ் கோடுகளை வைத்துச் செய்த பரிசோதனை இன்னும் பிரபலம். எந்தக் கோடு நீளம் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். சுற்றியிருக்கும் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் தப்பான கோட்டைக் காட்ட, கடைசியில் மாட்டிக்கொண்டவர் என்ன சொல்கிறார் என்று பார்த்தார். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமான பதில்கள் கூட்டத்தோடு போயின. நாம் எல்லோரும் ஆட்டுமந்தை என்பதற்கு இதைச் சான்று காட்டுவார்கள். மீதி மூன்றில் இரண்டு பங்கு கூட்டத்தை எதிர்த்த பதில்கள் என்பதை யாரும் தலைப்பில் போடுவதில்லை. நான்கில் ஒருவர் கடைசிவரை ஒரு தடவைகூட வளையவில்லை என்பதையும் போடுவதில்லை. ஆஷ் கண்ட இன்னொன்று எனக்கு இதையெல்லாம்விட மேல்: அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், மற்றவரின் தடுமாற்றம் பெருமளவு குறைந்துவிடுகிறது. பெரும்பான்மை கிடைக்கவேண்டியதில்லை. ஒரு துணை போதும்.

அந்த ஒரு குரல் என்ன செய்யும் என்பதை விழுப்புரம் பக்கம் பைபாஸ் ஓரத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பைக் சறுக்கி விழுந்து, ஓட்டிவந்த பையன் மண்ணில் கிடந்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் வட்டம் கட்டிவிட்டோம். வட்டத்துக்கு நடுவே யாரும் போகவில்லை. ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பூக்கடை அம்மா ஒருவர் கூடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தார். வந்ததும் குனிந்து பார்க்கவில்லை, நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். “ஏம்பா, ஊதாச் சட்ட! அந்தப் போன்ல 108-க்கு அடி. தம்பி, கண்ணாடி போட்டவரு, நீ வர்ற வண்டிய கைகாட்டி ஒதுக்கு. யம்மா, நீ துண்டு வச்சிருக்கியே, அத குடு.” அவ்வளவுதான். படம் எடுத்துக்கொண்டிருந்த பையனே 108-க்கு வழி சொல்ல ஆரம்பித்தான். துண்டு வந்தது. டீக்கடைக்காரர் கேட்காமலே பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். வட்டத்தில் நின்றவர்கள் மாறிவிடவில்லை, அதே ஆட்கள்தான். ‘யாராவது’ என்று அந்த அம்மா சொல்லவில்லை. முதலுதவி வகுப்புகளிலும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்: பொதுவாகக் கத்தாதே, ஓர் ஆளைக் கைகாட்டிச் சொல்.

‘நம்ம ஆள்’ என்ற நினைப்பும் ஒரு பெரிய விசை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவினும் கூட்டாளிகளும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களைக் கூப்பிட்டு, அந்த அணியின் மேல் உள்ள பாசத்தைப் பற்றி எழுதவைத்தார்கள். பிறகு வேறொரு கட்டடத்துக்கு நடக்கச் சொன்னார்கள். வழியில் ஓடிவரும் ஒருவர் சறுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு துடிப்பார். அவர் மான்செஸ்டர் சட்டை போட்டிருந்தால் 13 பேரில் 12 பேர் நின்று உதவினார்கள். பரம எதிரியான லிவர்பூல் சட்டை என்றால் 10 பேரில் 3 பேர். இன்னொரு முறை, அணியைப் பற்றி அல்லாமல் கால்பந்து ரசிகர் என்ற முறையில் பொதுவாக எழுதச் சொல்லிவிட்டு அனுப்பினார்கள். அப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் ஏறக்குறைய அதே அளவு உதவி கிடைத்தது. சாதாரணச் சட்டை போட்டவர் பாவம், அவர் யாருக்கும் வேண்டாதவராகிவிட்டார். கூட்டத்தின் எல்லையை ஓர் அடி நகர்த்தி வைத்ததும் உள்ளே வந்தவர்கள் மாறிவிட்டார்கள். நம் ஊரில் இந்தச் சட்டைகளுக்கு வேறு பெயர்கள். விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஏற்பாடு செய்த காட்சிகள். நிஜத் தெருவில் என்ன நடக்கிறது? சிசிடிவி வந்த பிறகு அதையும் பார்க்க முடிந்தது. ரிச்சர்ட் ஃபில்போட்டும் மற்றவர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் வழிப்போக்கர் ஒருவராவது குறுக்கே வந்திருந்தார். கையைப் பிடித்து இழுத்தார், நடுவில் நின்றார், அடிபட்டவரைத் தேற்றினார். கேப் டவுன் போல வன்முறை மிகுந்த ஊரிலும் இதில் மாற்றமில்லை. ஆட்கள் அதிகமாக அதிகமாக, யாராவது ஒருவர் உள்ளே இறங்கும் வாய்ப்பும் கூடியது.

டார்லியும் லடானேயும் தோற்றுவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. தெருவில் அடிதடி நடந்தால் அது அடிதடிதானா என்று பக்கத்து முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. புகை அப்படியல்ல, சுவருக்கு அப்பால் கேட்கும் அழுகை அப்படியல்ல. நடைபாதையில் சுருண்டு படுத்திருப்பவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டாரா என்பதும் அப்படியல்ல. குழப்பம் இருக்கிற இடத்தில்தான் கூட்டம் கையைக் கட்டுகிறது. கியூ கார்டன்ஸிலும், தெளிவாகத் தெரிந்த முதல் நொடியில் ஒருவர் சத்தம் போட்டார். தெளிவில்லாமல் போன அடுத்த பத்து நிமிஷத்தில்தான் எல்லாம் கெட்டது.

அந்தப் பத்து நிமிஷத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1964-இல் நியூயார்க்கில் 911 என்ற அவசர அழைப்பு எண் கிடையாது. ஆபரேட்டரைக் கூப்பிடவேண்டும், அல்லது அந்தந்த வட்டாரக் காவல் நிலையத்தின் எண் தெரிந்திருக்கவேண்டும். எடுத்தவர் உன் பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், உனக்கென்ன இதில் என்று குடைவதும் நடக்கும். நியூயார்க்கில் 911 வந்தது 1968-இல். இந்தக் கொலை கிளப்பிய கூச்சலும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். மனிதர்கள் கெட்டுவிட்டார்கள் என்று புலம்பியதைவிட, ஒரே எண் ஒன்றைக் கொடுத்தது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். நமக்கு 108 தமிழ்நாட்டில் வந்தது 2008-இல்.

எண் வந்துவிட்டது, பயம் போகவில்லை. சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ்லைஃப் அறக்கட்டளை 2013-இல் ஏழு இந்திய நகரங்களில் எடுத்த கணக்கெடுப்பில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவத் தயங்குவோம் என்று சொன்னவர்கள் 74 சதவீதம். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் சட்டத் தொல்லை: போலீஸ் விசாரணை, கோர்ட்டுக்கு அலைச்சல். பக்கத்தில் நிற்பவர் முகம் மட்டுமில்லை, அங்கே இல்லாத ஸ்டேஷன் ரைட்டரின் முகமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து நிற்கிறது. டார்லியின் ஆய்வகத்தில் இந்த ஆளுக்கு வேலையில்லை, நம் சாலைகளில் இவர்தான் பெரிய ஆள். அந்த அறக்கட்டளை போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உதவுபவர்களைக் காக்கும் வழிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல், அடிபட்டவர் பிழைக்காமல் போனாலும், வழக்குப் போட முடியாது. 2020-இல் வந்த விதிகளின்படி, பெயர், முகவரி, போன் நம்பர் கொடுக்கச் சொல்லிப் போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது. 2021-இல் மத்திய அரசு, அடிபட்டவரைப் பொன்னான முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 5,000 ரூபாய் பரிசும் அறிவித்தது. பரிசைவிட அந்தப் பெயர் கேட்காத விதிதான் பெரிது என்பேன்.

அதே விதிகளில் இன்னொன்று: ஒவ்வொரு மருத்துவமனையும், அரசோ தனியாரோ, உதவுபவரின் உரிமைகளை இந்தியிலும் ஆங்கிலத்திலும் அந்தந்த மாநில மொழியிலும் எழுதி வாசலிலோ கண்ணில் படும் வேறு இடத்திலோ வைக்கவேண்டும். இதைப் படித்ததிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்தப் பலகையைத் தேடுவது எனக்கு ஒரு வியாதியாகிவிட்டது. செருப்பை வெளியே விடவும், காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியல், ஸ்கேன் கட்டணச் சலுகை எல்லாம் பளிச்சென்று இருக்கும். ஓரிடத்தில் வரவேற்பில் இருந்த பெண்ணிடமே கேட்டுவிட்டேன். அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் செக்யூரிட்டியைப் பார்த்தார். செக்யூரிட்டி என்னைப் பார்த்தார். “மேனேஜர் சார் வந்ததும் கேட்டுப் பாருங்க சார்” என்றார்கள். மேனேஜர் சார் அன்றைக்கு லீவு.